மலையகத்தில் பணிபுரிவோர் தொழில்சார் சங்கக் கூட்டங்களைப் பயன்படுத்திக்கொள்வது எப்படி?

ஹட்டனிலோ பதுளையிலோ வளர்ந்து, குடும்பத்திலேயே முதல் ஆளாகக் கணக்காளராகவோ பொறியியலாளராகவோ சட்டத்தரணியாகவோ ஆன ஒருவருக்கு, அந்தத் துறையைப் பற்றிக் கேட்டறிய வீட்டில் மூத்தவர் ஒருவரும் இருப்பதில்லை. எங்கே பயிற்சி பெற்றால் பிற்காலத்தில் உதவும், உறுப்புரிமை விண்ணப்பத்தில் யாரிடம் கையொப்பம் கேட்கலாம், சரியில்லாத ஆவணமொன்றில் ஒப்பமிடுமாறு மேலதிகாரி வற்புறுத்தினால் என்ன செய்வது என்பவற்றுக்கெல்லாம் பாடநூலில் விடையில்லை. அதே தொழிலில் இரண்டு தலைமுறையாக இருக்கும் கொழும்பு வீடொன்றின் பிள்ளைக்கோ இவை சாப்பாட்டு மேசையிலேயே கிடைத்துவிடுகின்றன. இந்தக் குறையை ஈடுசெய்ய நமக்கு எட்டும் வழிகளில் மிக மலிவானது, நம் துறைச் சங்கத்தின் அருகிலுள்ள கிளைக் கூட்டத்துக்கு ஒழுங்காகப் போய்வருவதே.

தோட்டங்களில் நமக்குப் பழக்கமான தொழிற்சங்கம் சம்பளத்தையும் வேலை நிபந்தனைகளையும் பேசுவது. தொழில்சார் சங்கம் தகுதி, அறிவு, நடத்தை விதிகள் ஆகியவற்றைக் கவனிப்பது. இலங்கை மருத்துவச் சங்கத்தின் தொடக்கம் 1887ஆம் ஆண்டுக்கும், பொறியியலாளர் நிறுவனத்தின் தொடக்கம் 1906ஆம் ஆண்டுக்கும் செல்கிறது. பட்டயக் கணக்காளர் நிறுவனம் 1959இல் சட்டத்தின் மூலம் உருவாக்கப்பட்டது. மலைநாட்டில் இவற்றுக்கும் முந்திய உதாரணம் ஒன்று உண்டு. தோட்டத் துரைமார் 1854இலேயே கண்டியில் கூடித் தமக்கெனச் சங்கம் அமைத்துக்கொண்டார்கள். ஒரே தொழிலில் இருப்பவர்கள் முகம் பார்த்துப் பேசுவதன் பயனை அவர்கள் அவ்வளவு முன்பே கணக்கிட்டிருந்தார்கள் என்பதை, அவர்களுக்குக் கீழே உழைத்தவர்களின் வழிவந்த நாம் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

முதலில், உங்கள் துறையினர் எங்கே கூடுகிறார்கள் என்பதை விசாரியுங்கள். சட்டத்தரணிகளுக்கு நீதிமன்றம் உள்ள நகரங்களிலேயே கிளைச் சங்கங்கள் இருக்கின்றன. மருத்துவர்கள், பொறியியலாளர்கள், கணக்காளர்களின் நிகழ்வுகள் பெரும்பாலும் கண்டியை மையமாகக் கொண்டவை. தேயிலைத் துறையில் இருப்போர், 1925இல் தொடங்கப்பட்டு இன்று தலவாக்கலையில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் கருத்தரங்குகளைக் கேட்டறிய வேண்டும். கொழும்பில் நடக்கும் வருடாந்த மாநாட்டுக்குப் போவது நல்லதுதான். ஆனால் ஐந்நூறு பேர் நிறைந்த மண்டபத்தில் புதியவரை ஒருவரும் கவனிப்பதில்லை. முப்பது பேர் கூடும் கிளைக் கூட்டத்திலோ, இருபது ஆண்டு அனுபவம் உள்ளவர் உங்கள் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பார்.

போக்குவரத்தை இலேசாக எண்ண வேண்டாம். நுவரெலியாவிலிருந்து கண்டிக்கு ஏறத்தாழ 77 கிலோமீற்றர்தான் என்றாலும், மலைப்பாதையில் அது அரைநாள் வேலை. தென்மேல் பருவமழைக் காலத்தில் கினிகத்தேனைப் பக்கமும், ஆண்டிறுதி மழையில் பதுளைப் பக்கமும் மண்சரிவால் பாதை தடைப்படுவது வழக்கம். மாலை ஐந்து மணிக்குத் தொடங்கும் கூட்டம் கண்டியில் வசிப்பவருக்கு வசதியானது. கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவருக்கு, அதிலும் பெண்களுக்கு, அது கதவடைப்புக்குச் சமம். ஆகவே சனிக்கிழமை முற்பகலில் கூட்டம் வைக்குமாறு செயலாளருக்கு எழுத்தில் கேளுங்கள். தூரத்திலிருந்து வரும் நாலைந்து பேர் சேர்ந்து கேட்டால் பெரும்பாலும் இணங்குவார்கள். ஒருவரும் கேட்காததால்தான் பல கிளைகளில் பழைய நேரமே தொடர்கிறது.

மொழித் தயக்கமே நம்மவர்களைப் பின்வரிசையில் இருத்தி வைக்கிறது. உரைகள் ஆங்கிலத்திலும் பேச்சுப் பழக்கம் சிங்களத்திலும் நடக்கும் இடத்தில், விடயம் நன்றாகத் தெரிந்தவரும் வாய் திறக்காமலே திரும்பிவிடுகிறார். இதற்கு எளிய வழி ஒன்று இருக்கிறது: பேசப்படும் தலைப்பு முன்கூட்டியே அறிவிக்கப்படுவதால், உங்கள் வேலையிலிருந்து எழும் ஒரேயொரு கேள்வியை இரண்டு வாக்கியங்களில் முதல் நாளே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தாளைப் பார்த்து வாசித்தாலும் குற்றமில்லை. இலக்கணம் பிசகியதை அடுத்த நாள் ஒருவரும் நினைவில் வைத்திருக்கமாட்டார். மஸ்கெலியாவிலிருந்து வந்தவர் நடைமுறைச் சிக்கல் ஒன்றைக் கேட்டார் என்பதையே நினைவில் வைத்திருப்பார்கள்.

உண்மையான கூட்டம் தேநீர் இடைவேளையில் நடக்கிறது என்பேன். அரச வேலை வெற்றிடங்கள் வெள்ளிக்கிழமை வர்த்தமானியில் வெளியாகும், அதை யாரும் பார்க்கலாம். தனியார் நிறுவனமொன்றில் ஒருவர் விலகப்போகிறார் என்ற செய்தி கோப்பையும் கையுமாக நிற்கும்போதுதான் காதில் விழும். அதற்காக முதற் சந்திப்பிலேயே வேலை கேட்டுவிடாதீர்கள். கேட்டால், அடுத்த முறை உங்களைக் கண்டதும் ஒதுங்குவார்கள். அவருடைய வேலையைப் பற்றிக் கேளுங்கள், எந்தப் பரீட்சையை எப்போது எழுதினார் என்று கேளுங்கள், உங்கள் இடத்தில் அவர் இருந்தால் அடுத்து எதைப் படிப்பார் என்று கேளுங்கள். ஊரிலிருந்து வந்த நண்பர்களுடனேயே ஒரு மூலையில் நின்று பேசிவிட்டு வருவதற்குக் கண்டி வரை போக வேண்டியதில்லை. மறுநாள், பேசிய விடயத்தைக் குறிப்பிட்டு நாலு வரியில் நன்றி அனுப்பினால் போதும்.

சில தடவை போன பிறகு சிறிய பொறுப்பொன்றை ஏற்றுக்கொள்ளுங்கள். வரவுப் பதிவேட்டைக் கவனிப்பவருக்கு எல்லோருடைய பெயரும் பதவியும் தாமாகவே மனப்பாடமாகிவிடும். பேச்சாளரை அழைத்து வரும் பணி கிடைத்தால், வண்டியில் வரும் அந்த நேரம் உரையைவிடப் பெறுமதியானது.

எல்லாக் கிளைகளும் இப்படி இருக்கும் என்று சொல்லமுடியாது. வருடம் முழுவதும் பொன்னாடையும் வரவேற்புரையும் தவிர வேறொன்றும் நடக்காத கிளைக்குச் சந்தா கட்டிக்கொண்டிருப்பது வீண். அடுத்த கிளையைப் பாருங்கள். அப்படியொன்று அருகில் இல்லையென்றால், உங்கள் நகரத்தில் அதே துறையினர் ஆறேழு பேரைத் திரட்டி, பாடசாலை மண்டபமொன்றில் மாதம் ஒருமுறை கூடி, வருகையையும் பேசிய விடயத்தையும் பதிவு செய்து வாருங்கள். கிளை அமைக்க அனுமதி கேட்டுத் தலைமையகத்துக்கு எழுதும்போது, ஒரு வருடத்துப் பதிவேட்டின் பிரதியை விண்ணப்பத்துடன் இணைத்து அனுப்பலாம்.