டிசி கையை விட்டுப் போகும் முன்

கல்லூரியில் சேரப் போகும் முதல் நாளுக்கு முந்தின சாயங்காலமே, உங்கள் ஊர்க் கடையிலேயே டிசியை (பள்ளியில் தரும் மாற்றுச் சான்றிதழை) முன்னும் பின்னுமாகப் பத்து ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். போனில் ஸ்கேன் செய்து உங்களுக்கே மெயிலும் அனுப்பிக்கொள்ளுங்கள்.

மார்க் ஷீட் தொலைந்தால்கூட டிஜிலாக்கரில் பார்த்துக்கொள்ளலாம். இ-சேவையில் வாங்கிய சாதிச் சான்றிதழை மறுபடி பிரிண்ட் எடுக்கலாம். டிசி அப்படியில்லை. ஒரிஜினலைக் கல்லூரியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள்; ஸ்காலர்ஷிப், ஹாஸ்டல், கல்விக் கடன் என்று பின்னாடி எவராவது நகல் கேட்டால், ஆபீஸ் ஜன்னலில்தான் நிற்க வேண்டும். அம்பாசமுத்திரம், கடையம் பக்கமிருந்து பாளையங்கோட்டைக் கல்லூரிகளுக்கு பஸ் ஏறி வருகிறவர்களுக்கு அதற்கே அரை நாள் போய்விடும். அட்மிஷன் நேரத்தில் பாளையங்கோட்டை ஜெராக்ஸ் கடைகளில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு, ஊரிலேயே எடுக்கச் சொல்வது ஏன் என்று புரியும்.

பின்பக்கத்தில் ஏதாவது எழுத்தோ சீலோ இருந்தால் அதுவும் நகலில் தெரிய வேண்டும். அப்புறம், பத்திரமாக இருக்கட்டும் என்று ஒரிஜினலை லேமினேட் செய்துவிடாதீர்கள். பிறகு அதன்மேல் சீல் போடவோ கையெழுத்து வாங்கவோ முடியாது.

வருமானச் சான்றிதழுக்கு இந்தப் பத்து நகல் கணக்கு சரிப்படாது. அது ஒரு வருடம்தான் செல்லும், அடுத்த வருடம் புதிதாகத்தான் வாங்க வேண்டும். ரெண்டு நகல் போதும். நடுவில் வேறு கல்லூரிக்கு மாறுவதாக இருந்தாலும் ஜெராக்ஸ் உதவாது, ஒரிஜினல் டிசிதான் கேட்பார்கள்.