ஏர் ஃப்ரையர்ல மொறுமொறு பிரெட் கிரம்ப்ஸ் மீன்

முதல்ல மீன்ல இருக்க ஈரத்த டிஷ்யூ வெச்சு நல்லா ஒத்தி எடுங்க, இத விட்டா மத்தது என்ன பண்ணாலும் மேல்மாவு கழண்டு வந்துடும். முள்ளில்லாத துண்டுல உப்பு, மிளகு தடவி மைதா, அடிச்ச முட்டை, பிரெட் கிரம்ப்ஸ்னு வரிசையா பிரட்டி லேசா அழுத்தி விடுங்க. கிரம்ப்ஸ முன்னாடியே துளி எண்ணெய்ல லேசா செவக்க வறுத்துக்கணும், இல்லன்னா மீன் வெந்துடும் ஆனா மேல வெளுப்பாவே நிக்கும், அதனால நான் இத மட்டும் விடவே மாட்டேன். 190 டிகிரி செல்சியஸ்ல சூடு பண்ணி, ஒண்ணு மேல ஒண்ணு படாம அடுக்கி, எண்ணெய் ஸ்ப்ரே அடிச்சு 10 நிமிஷம், நடுவுல ஒருதடவ திருப்பிப் போடுங்க. மெல்லிசு துண்டுன்னா 7 நிமிஷத்துலயே பாத்துடுங்க. ஃபோர்க்கால குத்தினா சதை இதழ் இதழா பிரியணும். எடுத்ததும் கம்பி ஸ்டாண்ட்ல வைங்க, தட்டுல வெச்சா அடில ஆவி தங்கி நமத்துடும்.