அறுபதுகளின் கரேஜ் ராக் சிங்கிள்: கரகரப்பைக் குறைக்கும் வழி

1960களின் நடுவில் அமெரிக்கச் சிற்றூர்ப் பையன்கள் கரேஜ் ராக் என்ற முரட்டு ராக் பாட்டுகளை அவசரமாகப் பதிவு செய்து வெளியிட்ட 45 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 45 சுற்று) இசைத்தட்டுகள் மேல் எனக்குத் தீராத ஆசை. ஆனால் ஊசியை வைத்தாலே சட்டியில் எண்ணெய் பொரிகிற சத்தம். அதை ஓரளவு அடக்கிய வழி இது.

இந்தத் தட்டுகள் வினைல், ஸ்டைரீன் என்ற இரண்டு வகை பிளாஸ்டிக்கில் வந்தன. முதலில் உங்கள் தட்டு எது என்று பாருங்கள். ஸ்டைரீன் எடை குறைவு, விறைப்பு அதிகம், லேபிள் மேலே ஒட்டியிருக்கும். வினைலில் லேபிள் தட்டோடு சேர்ந்தே அழுத்தப்பட்டிருக்கும். வளைத்துப் பார்க்காதீர்கள், ஸ்டைரீன் உடைந்துவிடும்.

அடுத்து, காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு விட்டு, மெல்லிய பிரஷால் வரிகளின் (ஊசி ஓடும் பள்ளங்களின்) போக்கிலேயே தேயுங்கள். நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். ஸ்டைரீனில் ஆல்கஹால் படவே கூடாது.

ஊசி கூம்பு வடிவமாக இருக்கட்டும். நான் ஆடியோ டெக்னிகா விஎம்95சி கார்ட்ரிட்ஜ் (ஊசியின் அசைவை மின்சைகையாக மாற்றும் பாகம்) வைத்திருக்கிறேன். ஊசி தட்டை அழுத்தும் எடை 2 கிராம். இந்தத் தட்டுகளுக்கு நீள்வட்ட ஊசியை நான் தொடுவதில்லை. ஸ்டைரீன் சீக்கிரம் தேயும்.

இனிதான் நான் மாதக்கணக்கில் சிக்கிய இடம். கழுவிய தட்டையே திரும்பத் திரும்பக் கழுவினேன், இரைச்சல் குறையவில்லை. காரணம் அழுக்கே இல்லை. இவற்றில் பெரும்பாலானவை மோனோ, அதாவது இடது, வலது இரண்டிலும் ஒரே ஒலி. பாட்டு முழுக்க ஊசியின் பக்கவாட்டு அசைவில்தான் இருக்கிறது. ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜோ மேல்கீழ் அசைவையும் படிக்கும். அதில் இருப்பது தூசியும் தேய்மானமும் மட்டுமே. அந்தச் சத்தம் இடதிலும் வலதிலும் எதிரெதிராக வருவதால், இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். ஆம்ப்ளிஃபையரில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்துங்கள், வேலை முடிந்தது. இல்லையென்றால் கணினியில் ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிவு செய்து, 'மிக்ஸ் ஸ்டீரியோ டவுன் டு மோனோ' கொடுங்கள்.

இப்படிக் கலப்பதற்கு முன்னால் ஹெட்போனில் இடதை மட்டும், அப்புறம் வலதை மட்டும் கேளுங்கள். என்னிடம் ஒரு தட்டில் வலது பக்கம் ஒவ்வொரு 'ஸ'வும் கிழிந்து வந்தது. இடது பக்கம் கிதார் பளிச்சென்று இருந்தது. பள்ளத்தின் ஒரு சுவர்தான் தேய்ந்திருந்தது. அப்படியென்றால் கலக்காதீர்கள், நல்ல பக்கத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் செய்தும் பாடுவது புரியவில்லையா? பதிவே அப்படித்தான் இருக்கலாம். கிங்ஸ்மென் என்ற இசைக்குழு 1963ல் போர்ட்லண்டில் பதிவு செய்த 'லூயி லூயி'யில், உயரத்தில் தொங்கிய மைக்கைப் பார்த்துக் கத்திப் பாடியிருக்கிறார்கள். பாட்டில் ஆபாசம் இருப்பதாக வந்த புகாரை எஃப்பிஐ விசாரித்தும், பாட்டு வரிகள் பிடிபடவில்லை. அதை எந்த ஊசியும் திருத்தாது, திருத்தவும் வேண்டாம்.

பின்சேர்க்கை: கழுவியபோது லேபிள் உரிந்து வந்துவிட்டது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். நான் சொல்லாமல் விட்டது என் தவறு. ஸ்டைரீன் தட்டைத் தண்ணீரில் முக்காதீர்கள். ஈரத் துணியால் வரிகளை மட்டும் துடையுங்கள், லேபிளுக்கு ஒரு விரல் தள்ளியே நிறுத்துங்கள்.