கண் வறட்சி: ஒத்தடம், இமைச் சுத்தம், சொட்டு மருந்து – முறையாகச் செய்வது எப்படி?

மாலையானால் கணினித் திரையில் எழுத்து மங்குகிறது; இரண்டு தடவை கண்ணைச் சிமிட்டினால் தெளிகிறது. கண்ணுக்குள் மணல் விழுந்த மாதிரி உறுத்துகிறது. வண்டியில் போகும்போது காற்றுப் பட்டதும் கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. இவை மூன்றும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் அது கண் வறட்சிதான்.

மூன்றாவது அறிகுறிதான் பலரைக் குழப்புகிறது. தண்ணீர் வழிகிற கண் எப்படி வறண்ட கண்ணாகும்? கண்ணின் மேற்பரப்பு காய்ந்து எரியும்போது கண்ணீர்ச் சுரப்பி ஒரேயடியாகத் தண்ணீரைத் திறந்துவிடுகிறது. அது கண்ணில் தங்காது. கன்னத்தில் வழிந்துவிடும், எரிச்சல் அப்படியே இருக்கும்.

கண்ணீர் கண்ணில் தங்குவதற்கு அதன் மேல் எண்ணெய்ப் படலம் வேண்டும். அந்த எண்ணெயைச் சுரப்பவை மெய்போமியன் சுரப்பிகள். மேல் இமையில் சுமார் 30, கீழ் இமையில் சுமார் 25 இருக்கும். இமை மயிர் முளைக்கும் வரிசைக்குச் சற்று உள்ளே, விளிம்பில்தான் இவற்றின் வாய்கள். நாம் முழுதாகச் சிமிட்டும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் எண்ணெய் வெளியே வந்து பரவும். கண் வறட்சி உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இந்தச் சுரப்பிகள்தான் அடைத்திருக்கின்றன. இதைக் கவனிக்காமல் சொட்டு மருந்து மட்டும் விடுவது, வெயிலில் வைத்த பாத்திரத்துக்கு மூடி போடாமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பது போலத்தான். அதனால் இங்கே ஒத்தடத்தை முதலிலும் மருந்தை அதற்குப் பின்னும் வைத்திருக்கிறோம்.

தொடங்கும் முன்: யார் இதைச் செய்யக் கூடாது

கடுமையான வலி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாத கூச்சம், திடீரெனப் பார்வை குறைவது, கருவிழியில் வெள்ளைப் புள்ளி, ஒரு கண் மட்டும் சிவந்து வலிப்பது – இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே கண் மருத்துவரிடம் போய்விடுங்கள். காண்டாக்ட் லென்ஸ் போடுபவருக்குக் கண் சிவந்து வலித்தால் லென்ஸைக் கழற்றிவிட்டு உடனே கிளம்ப வேண்டும். அண்மையில் கண் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும், கருவிழி கூம்பிப்போகும் கெரட்டோகோனஸ் நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இமையை அழுத்தித் தேய்க்கக் கூடாது.

படி 1: எப்போது எரிகிறது என்று கவனியுங்கள்

மூன்று, நான்கு நாள் நேரத்தைக் குறித்து வையுங்கள். காலையில் எழுந்ததும் மோசமாக இருந்தால் இமை விளிம்பு அழற்சியோ, தூக்கத்தில் கண் முழுதாக மூடாததோ காரணமாக இருக்கலாம். பிந்தையதை வீட்டில் உள்ளவர்களைப் பார்க்கச் சொன்னால் தெரிந்துவிடும்: தூங்கும்போது இமைக்கு நடுவே வெள்ளைக் கீற்று தெரியும். பொழுது ஏற ஏற மோசமானால் திரை, ஏசி, கண்ணீர்க் குறைவு இவற்றைச் சந்தேகிக்கலாம். எரிச்சலைவிட அரிப்புதான் அதிகம், கசக்கினால் சுகமாக இருக்கிறது என்றால் அது ஒவ்வாமையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்து நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று கீழ் இமையைச் சற்று இழுத்துப் பாருங்கள். விளிம்பில் குண்டூசி முனை அளவில் மஞ்சள் நிற மூடிகள் தெரிந்தாலோ, விளிம்பு தடித்துச் சிவந்திருந்தாலோ, ஓரத்தில் சோப்பு நுரை போல இருந்தாலோ எண்ணெய்ச் சுரப்பி அடைப்பு என்று கொள்ளலாம். இமை மயிரின் அடியில் பொடுகு மாதிரி ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது மயிரைச் சுற்றி உருளையாக ஒட்டியிருந்தால் டெமோடெக்ஸ் என்ற நுண்ணிய உண்ணிகள் காரணமாக இருக்கலாம். அதற்கு மருத்துவர் தரும் தனி மருந்து வேண்டும். டீ ட்ரீ எண்ணெய் நல்லது என்று படித்துவிட்டு அதை நேரடியாகத் தடவாதீர்கள்; நீர்க்காத எண்ணெய் கருவிழியைப் புண்ணாக்கும்.

படி 2: வெந்நீர் ஒத்தடம்

எல்லோரும் செய்வதாகச் சொல்வது இது. பயன்படும் விதத்தில் செய்பவர்கள் குறைவு. அடைத்த எண்ணெய் பற்பசைப் பதத்தில் இறுகியிருக்கும். அது இளக இமையில் 40 டிகிரி செல்சியஸுக்கு மேலான சூடு சில நிமிடங்கள் நிற்க வேண்டும். ஈரத்துணி ஒன்றை வைத்து, அது ஆறும் வரை படுத்திருந்தால் முதல் இரண்டு நிமிடத்தோடு சூடு போய்விடும்.

ஒரு டம்ளர் கொதித்த தண்ணீருக்கு மூன்று டம்ளர் குழாய்த் தண்ணீர் கலந்தால் நம் ஊர் வெப்பத்தில் ஏறக்குறைய 45 டிகிரி வரும். மணிக்கட்டின் உட்புறத்தில் ஊற்றிப் பாருங்கள்: நல்ல சூடாக இருக்க வேண்டும், கையை இழுத்துக்கொள்ளும்படி இருக்கக் கூடாது. சிறிய பருத்தித் துவாலைகள் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை நனைத்துப் பிழிந்து நான்காக மடித்து, மூடிய கண்கள் மேல் வையுங்கள். அழுத்த வேண்டாம். இரண்டு நிமிடம் ஆனதும் அதை எடுத்துவிட்டுத் தண்ணீரில் தயாராக இருக்கும் மற்றதை வையுங்கள். இப்படி மாற்றி மாற்றி 8 முதல் 10 நிமிடம். பிளாஸ்க்கில் வெந்நீர் வைத்திருந்தால் பாத்திரத்துத் தண்ணீர் ஆறும்போது சேர்த்துக்கொள்ளலாம். சேர்த்த ஒவ்வொரு முறையும் மணிக்கட்டில் சோதித்துவிடுங்கள்.

அரிசியை வறுத்து மூட்டை கட்டி ஒத்தடம் கொடுக்கும் வழக்கம் முதுகுக்கும் முட்டிக்கும் சரி, இமைக்கு வேண்டாம். ஓரிடம் ஆறியும் ஓரிடம் சுட்டும் இருக்கும். இமைத் தோல் உடம்பிலேயே மிக மெல்லியது, சட்டென்று பொத்துவிடும்.

முதல் நான்கு வாரம் காலை, இரவு என இரண்டு வேளை. பிறகு ஒரு வேளை போதும். நன்றாகிவிட்டது என்று அடியோடு நிறுத்தினால் சுரப்பிகள் மறுபடி அடைத்துக்கொள்ளும்.

படி 3: எண்ணெயை வழித்து, விளிம்பைத் துடைப்பது

ஒத்தடம் முடிந்த ஓரிரு நிமிடத்துக்குள் இதைச் செய்ய வேண்டும். ஆறிவிட்டால் எண்ணெய் மீண்டும் இறுகிவிடும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கண்ணை மூடி, ஆள்காட்டி விரலின் பக்கவாட்டை இமையின் மேல் வையுங்கள். மேல் இமையை மேலிருந்து கீழாக, கீழ் இமையைக் கீழிருந்து மேலாக, எப்போதும் மயிர் வரிசையை நோக்கியே வழிக்க வேண்டும். ஒவ்வொரு இமைக்கும் 5 முதல் 10 தடவை. விரல் இமையின் மேல்தான் நகர வேண்டும், விழியை அமுக்கக் கூடாது. கண்ணில் நட்சத்திரம் தெரிந்தால் நீங்கள் விழியை அழுத்துகிறீர்கள் என்று பொருள்.

பிறகு மருந்துக்கடையில் கிடைக்கும் இமை துடைக்கும் துணித்துண்டால் மயிரின் அடிப்பகுதியைப் பக்கவாட்டில் துடைத்தெடுங்கள். அது கிடைக்காவிட்டால், கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரில் சில சொட்டு பேபி ஷாம்பு கலந்து பஞ்சில் நனைத்துத் துடைத்து, வெறும் தண்ணீரால் கழுவிவிடலாம். சிலருக்கு ஷாம்புவே எரிச்சலைக் கூட்டும். அப்படியானால் வெறும் தண்ணீரோடு நின்றுவிடுங்கள். இரண்டு கண்ணுக்கும் ஒரே பஞ்சு கூடாது.

கண்மையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இமை மயிருக்கு உட்பக்கம், ஈரமான விளிம்பில் மை இழுத்தால் அது எண்ணெய்ச் சுரப்பிகளின் வாயிலேயே போய் அமர்கிறது. மயிர் வரிசைக்கு வெளியே இட்டுக்கொள்ளுங்கள்; இரவில் முழுதாகத் துடைத்துவிட்டுப் படுங்கள்.

படி 4: சொட்டு மருந்தைத் தேர்வு செய்வதும் விடுவதும்

‘செயற்கைக் கண்ணீர்’ என்று கேட்டு வாங்குங்கள். அட்டையில் கார்பாக்ஸிமெத்தில்செல்லுலோஸ் 0.5% அல்லது சோடியம் ஹையலுரோனேட் 0.1% போன்ற பெயர் இருக்கும். தொடங்குவதற்கு இரண்டில் எதுவானாலும் சரி. அட்டையில் தேட வேண்டிய இன்னொரு பெயர் பென்சால்கோனியம் குளோரைடு. கிருமி வராமல் தடுக்கச் சேர்க்கும் பொருள் இது. அடிக்கடி விட்டால் கருவிழியின் மேல்தோலையே அரிக்கும். ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் விட வேண்டியிருந்தால் இது இல்லாத மருந்தையே கேளுங்கள்.

‘கண் சிவந்திருக்கு’ என்று மட்டும் சொல்லி மருந்து வாங்காதீர்கள். டெக்ஸாமெத்தசோன், பெட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் ஆகியவை ஸ்டீராய்டுகள். விட்ட அன்றே கண் வெளுத்துச் சுகமாக இருக்கும். மாதக்கணக்கில் விட்டால் கண்ணழுத்தம் ஏறும், கண்புரை வரும். கண்ணழுத்த நோயால் போன பார்வை திரும்பாது. நாஃபசோலின் போன்ற, சிவப்பைப் போக்கும் சொட்டுகளும் வறட்சியைத் தீர்ப்பதில்லை; நிறுத்தியதும் முன்னைவிட அதிகமாகச் சிவக்கும்.

விடும் முறை: தலையைப் பின்னால் சாய்த்து, கீழ் இமையை இழுத்து, அங்கே உண்டாகும் குழியில் ஒரே ஒரு சொட்டு. சொட்டு ஒன்று சுமார் 40 மைக்ரோலிட்டர். கண் தாங்குவது சுமார் 30 மைக்ரோலிட்டர்தான். இரண்டாவது சொட்டு கன்னத்துக்குத்தான். பிறகு ஒரு நிமிடம் கண்ணை மெதுவாக மூடியிருங்கள். பட்டுப்பட்டென்று சிமிட்டினால் மருந்து மூக்குக்குள் இறங்கிவிடும். வேறு சொட்டு மருந்தும் உண்டென்றால் நடுவே 5 நிமிட இடைவெளி. களிம்பு எப்போதும் கடைசியில். காண்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் லென்ஸைக் கழற்றிவிட்டுச் சொட்டு விட்டு, 15 நிமிடம் கழித்துப் போட வேண்டும்.

எரிந்த பிறகு விடுவதைவிட நேரம் வைத்து விடுவது நன்றாகப் பலன் தரும்: எழுந்ததும், காலை 11 மணிக்கு, பிற்பகல் 3 மணிக்கு, படுக்கும் முன். கெட்டியான ஜெல் கொஞ்ச நேரம் பார்வையை மங்கவைக்கும். அதை இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

குப்பியின் முனை இமையிலோ விரலிலோ படவே கூடாது. 2023-ல் அமெரிக்காவில் கிருமித் தடுப்புப் பொருள் சேர்க்காத ஒரு செயற்கைக் கண்ணீரில் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா கலந்து, பலர் பார்வை இழந்தார்கள், நான்கு பேர் இறந்தார்கள். அந்த மருந்து தயாரானது சென்னைக்கு அருகே உள்ள ஆலையில். ஆகவே முத்திரை உடைந்த குப்பி, கலங்கிய மருந்து எதையும் தொடாதீர்கள். திறந்த தேதியைக் குப்பி மேலேயே எழுதி, பொதுவாக ஒரு மாதத்தில் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஒரு வேளைக் குப்பிகளை அட்டையில் சொன்ன நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் ஒற்றுவது, தாய்ப்பால், தேன், விளக்கெண்ணெய், பன்னீர் விடுவது எல்லாம் அன்போடு சொல்லப்படுபவைதாம். இவற்றில் எதுவும் கிருமி நீக்கியது அல்ல. செடிகொடி வழியாகக் கருவிழியில் பூஞ்சைத் தொற்று வருவது தென்னிந்தியக் கண் மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கிற ஒன்று. வறட்சியால் ஏற்கெனவே கீறல் விழுந்த கருவிழியில் அது எளிதாக ஏறும். வெள்ளரித் துண்டை மூடிய இமை மேல் வைப்பதில் தவறில்லை. குளிர்ச்சி கிடைக்கும், அவ்வளவுதான்.

படி 5: சிமிட்டல், திரை, காற்று

சாதாரணமாக நிமிடத்துக்கு 15 முறை சிமிட்டுகிறோம். திரையைப் பார்க்கும்போது அது பாதிக்கும் கீழே போகும். சிமிட்டுவதும் அரைகுறையாக இருக்கும். மேல் இமை கீழ் இமையைத் தொடாவிட்டால் எண்ணெய் வெளியே வராது. ஆகவே 20 நிமிடத்துக்கு ஒருமுறை தூரத்தில் பார்த்துவிட்டு இதைச் செய்யுங்கள்: கண்ணை மெதுவாக மூடி இரண்டு விநாடி, திற, மீண்டும் மூடி இரண்டு விநாடி, மூடியபடியே லேசாக இறுக்கி, திற. இப்படி ஐந்து தடவை.

திரையைக் கண் மட்டத்துக்குக் கீழே வையுங்கள். பார்வை தாழ்ந்தால் இமையும் தாழும், காற்றுப் படும் பரப்பு குறையும். தலைக்கு நேர் மேலே சுற்றும் மின்விசிறிக்கு அடியில் படுக்காமல் கட்டிலைத் தள்ளிப் போடுங்கள். ஏசிக் காற்று முகத்தில் அடித்தால் அதன் தடுப்பைத் திருப்பிவிடுங்கள். இருசக்கர வண்டியில் ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கியே ஓட்டுங்கள்.

சளிக்குப் போடும் செட்ரிசின், முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின், மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் தரும் அமிட்ரிப்டிலின் ஆகியவை கண்ணை வறளவைக்கும். தானாக நிறுத்தாமல், எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள். மீன் எண்ணெய் மாத்திரைக்குப் பணம் செலவழிக்க நாங்கள் சொல்வதில்லை: 2018-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், தினமும் 3,000 மில்லிகிராம் ஓராண்டு சாப்பிட்டவர்களுக்கும் ஆலிவ் எண்ணெய் சாப்பிட்டவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

படி 6: ஆறு வாரத்தில் குறையாவிட்டால்

விடாமல் செய்தும் குறையவில்லை என்றால் கண் மருத்துவரைப் பாருங்கள். வாய் வறட்சியோ மூட்டு வலியோ கூட இருந்தால் அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம். உடம்பின் எதிர்ப்பாற்றலே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் ஷோக்ரன் நோய், முடக்குவாதம் ஆகியவை இப்படித் தலைகாட்டலாம். விடுகிற மருந்துகளை எல்லாம் கையோடு எடுத்துப் போங்கள். போவதற்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்து செயற்கைக் கண்ணீர் விடாதீர்கள். சோதனை முடிவு மாறிவிடும்.

கீழ் இமையில் ஒரு தாள்பட்டையை மாட்டி ஐந்து நிமிடம் வைப்பார்கள். இது ஷிர்மர் சோதனை: 10 மில்லிமீட்டருக்கு மேல் நனைந்தால் கண்ணீர் போதுமானது, 5-க்குக் கீழ் என்றால் கடுமையான குறைவு. மஞ்சள் சாயம் விட்டு, கண்ணீர்ப் படலம் எத்தனை விநாடியில் உடைகிறது என்றும் பார்ப்பார்கள். 10 விநாடிக்குள் உடைந்தால் படலம் நிலையாக இல்லை. தேவைப்பட்டால் கண்ணீர் வடியும் துளையைச் சிறு அடைப்பானால் மூடுவார்கள், அல்லது சைக்ளோஸ்போரின் 0.05% சொட்டு எழுதித் தருவார்கள். சைக்ளோஸ்போரின் முதல் சில வாரம் விடும்போதெல்லாம் எரியும். பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் பிடிக்கும். இரண்டாம் வாரத்திலேயே ‘ஒத்துக்கொள்ளவில்லை’ என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். எரிச்சல் தாங்க முடியவில்லை என்றால் நிறுத்தும் முன் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆரம்பத்துக்கு மட்டும் துணை மருந்து சேர்த்துத் தருவார்.