பிரிந்த பிறகு பிள்ளையோடு வெளிநாடு: செய்யக்கூடாத தவறுகள்

"பிள்ளை என்னிடம்தானே வளர்கிறது, நான் எங்கே கூட்டிப் போனால் யாருக்கு என்ன?" பெற்றோர் பிரிந்த வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. பல நாடுகளில், பிள்ளை யாரோடு இருந்தாலும், நாட்டைவிட்டு அழைத்துப்போக பிள்ளையின் மற்றப் பெற்றோரின் சம்மதமோ நீதிமன்ற அனுமதியோ வேண்டும். கையில் பாஸ்போர்ட்டும் விசாவும் இருந்தால் மட்டும் போதாது.

போனில் "சரி, போயிட்டு வா" என்றதை நம்பிக் கிளம்பாதீர்கள். சண்டை முற்றினால், அப்படிச் சொல்லவே இல்லை என்பார்கள். போகும் தேதி, திரும்பும் தேதி, விமான எண், தங்கும் முகவரி எல்லாம் போட்டு எழுதி, கையெழுத்து வாங்குங்கள். நோட்டரி சான்றும் இருந்தால் நல்லது. அந்தக் கடிதமும் பிறப்புச் சான்றிதழும் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் போட்டுவிடாதீர்கள். குடியேற்றச் சோதனையில் அதிகாரி பிள்ளையிடமே "அப்பா வரலையா?" என்று கேட்கலாம். அந்த நேரத்தில் பிள்ளை உங்கள் முகத்தைத்தான் பார்க்கும்.

பலர் தெரியாமலே மாட்டிக்கொள்வது விடுமுறையில். மூன்று வாரம் என்று சொல்லிப் பிறந்த வீட்டுக்குப் போகிறார்கள். மனசுக்கு ஆறுதலாக இருக்கிறது. பிள்ளையை அங்கேயே பள்ளியில் சேர்த்துவிடுகிறார்கள். மற்றவர் சம்மதித்தது விடுமுறைக்கு மட்டும்தான். தேதி தாண்டி வைத்துக்கொள்வதையும் சொல்லாமல் தூக்கிப்போவதையும் பெற்றோரே பிள்ளையை நாடு கடத்திக்கொண்டு போவது பற்றிப் பல நாடுகள் சேர்ந்து செய்துகொண்ட 1980ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை ஒன்றாகவே பார்க்கிறது. 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை, அது வழக்கமாக வாழ்ந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பச் சொல்கிறது. யாரிடம் வளர வேண்டும் என்பதை அந்த நாட்டு நீதிமன்றம் முடிவு செய்யும். பிள்ளைக்குக் கடும் ஆபத்து இருந்தால் விதிவிலக்கு உண்டு, ஆனால் அதை நிரூபிக்க வேண்டும். அடி உதைக்குப் பயந்து கிளம்புபவர்கள், முடிந்தால் விமானம் ஏறும் முன்பே வழக்கறிஞரைப் பாருங்கள்.

பிள்ளையைப் பறிகொடுத்தவர் செய்யும் தவறு வேறு. "கோபம் தணிந்தால் வந்துவிடுவார்கள்" என்று மாதக்கணக்கில் காத்திருப்பார். ஓர் ஆண்டுக்குள் வழக்குத் தொடங்கினால் நிலைமை அவருக்குச் சாதகம். அதற்கு மேல் போனால், பிள்ளை புது இடத்தில் வேரூன்றிவிட்டது என்று சொல்லி நீதிமன்றம் அனுப்ப மறுக்கலாம். உடன்படிக்கையில் சேர்ந்த ஒவ்வொரு நாட்டிலும் இதற்கென மைய அதிகார அமைப்பு ஒன்று உண்டு. முதல் வாரத்திலேயே அங்கே மனு கொடுங்கள்.

போகும் நாடு இதில் சேர்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். இந்தியா சேரவில்லை. அங்கே கொண்டுபோன பிள்ளையைத் திரும்பப் பெற, அந்நாட்டு நீதிமன்றத்தில்தான் வழக்காட வேண்டும்.