பட்டி போடும் நாளில் வந்து பாருங்கள்

வேலை முடிந்து பட்டறையை விட்டு வெளியே வரும் அன்று எல்லாக் காரும் பளபளவென்றுதான் இருக்கும். அன்றைக்குச் சுற்றிச் சுற்றிப் பார்த்துப் பிரயோஜனமில்லை. தூத்துக்குடியில் டிங்கரிங், பெயிண்டிங் பட்டறை வைத்திருக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: பட்டி, அதாவது தகட்டின் பள்ளத்தை நிரப்பப் பூசும் பசை, போடும் நாளில் வந்து பாருங்கள். வரக் கூடாது என்று சொல்கிற பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.

முதலில் ஒடுக்கு. தகட்டை உள்ளிருந்து தட்டியோ, வெளியே வாஷரைப் பற்றவைத்து இழுத்தோ பழைய மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். மிச்சமிருக்கும் சின்னப் பள்ளத்துக்குத்தான் பட்டி. அது இரண்டு, மூன்று மில்லிமீட்டரைத் தாண்டினால் குலுக்கலிலும் வெயிலிலும் ஒருநாள் வெடிக்கும். ஃப்ரிட்ஜில் ஒட்டும் சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். பக்கத்துக் கதவில் ஒட்டி, வேலை செய்த இடத்தில் நழுவினால் உள்ளே பட்டி கனமாக இருக்கிறது. (பம்பரிலும் அலுமினிய பானட்டிலும் இந்தச் சோதனை பலிக்காது.)

அடுத்தது தேய்ப்பு. பட்டி தண்ணீரைக் குடிக்கும். அதனால் 80, 180, 320 என்று எமரித் தாளை (நம்பர் கூடக் கூட நைஸ்) மாற்றி மாற்றி, உலர வைத்தே தேய்க்க வேண்டும். தூசி பறக்கிறது, கை வலிக்கிறது என்று பக்கெட்டில் தண்ணீர் வைத்துக்கொண்டு பட்டியைத் தேய்த்தால், அதுவும் எங்கள் ஊர் உப்புத் தண்ணீரில், சில மாதத்தில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். பிரைமருக்கு (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) பிறகு 600, 800 போடும்போது தண்ணீர் விட்டுத் தேய்க்கலாம், தப்பில்லை.

வெறும் தகடு ராத்திரி முழுக்கத் திறந்து கிடக்கவே கூடாது. கடல் காற்றில் காலைக்குள் பழுப்பு படர்ந்துவிடும். அன்றே எபாக்சி பிரைமர் அடித்தாக வேண்டும். துரு ஓட்டை போட்டிருந்தால் அந்தத் துண்டை வெட்டியெடுத்துப் புதுத் தகடு பற்றவைக்கச் சொல்லுங்கள். ஓட்டைக்கு மேல் பட்டி அப்புவது வேலையே இல்லை, ஏமாற்று.

கலர் விஷயத்தில் கம்பெனி கலர் நம்பர் இருந்தாலும் வெயிலில் வெளுத்த வண்டிக்கு அப்படியே பொருந்தாது, சில்வர் என்றால் கேட்கவே வேண்டாம். பக்கத்துப் பேனல் வரை கலரை ஓரம் தெரியாமல் மெல்ல மங்கவிட்டு அடிப்பதுதான் வழி. கூலி கூடும், சரி. ஆனால் டியூப்லைட்டில் பார்த்துத் தலையாட்டாதீர்கள். வெளியே நிறுத்தி, வெயிலில் பாருங்கள்.

கலருக்கு மேலே, ஹார்டனர் (இறுகவைக்கும் திரவம்) கலந்த டூ-கே கிளியர் கோட் என்ற நிறமில்லாப் பூச்சுதான் வேண்டும், பில்லில் எழுதி வாங்குங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு, கதவின் உள் ஓரத்தில் தின்னர் தொட்ட துணியால் லேசாக ஒரு துடைப்பு. துணியில் கலர் ஏறினால் மலிவுச் சரக்கை அடித்திருக்கிறார்கள்.

அப்புறம் ஒரு மாதம் மெழுகு பாலிஷ் எதுவும் வேண்டாம். பறவை எச்சம் விழுந்தால் மட்டும் உடனே நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், சுரண்டாதீர்கள்.