பயிற்சிக்குப் பிறகு தசை தேற: வன்னியில் அடிக்கடி நடக்கும் தவறுகள்

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஜிம்முக்குப் போகிற இளைஞர்களும் சரி, பின்னேரம் கழகத்து மைதானத்தில் கரப்பந்து, உதைபந்து ஆடுகிற பொடியன்களும் சரி, என்னிடம் அதிகம் கேட்பது ஒரே கேள்விதான்: "எந்தப் பவுடர் நல்லது?" அது கேட்கக் கூடாத கேள்வி இல்லை. ஆனால் முதலில் கேட்க வேண்டியது அதுவல்ல. வேலை கொடுத்த தசை திரும்பத் தேறுவதற்குப் புரதம், சோறு போன்ற மாப்பொருள், தண்ணீரும் உப்பும், நித்திரை ஆகியவை வேண்டும். இவற்றில் குறைகிறதைக் கொஞ்சம் நிரப்பத்தான் பவுடர். இந்த ஒழுங்கைத் தலைகீழாக மாற்றினால் வேறு ஊர்களில் காசு நட்டத்தோடு போய்விடும். நம்முடைய வெயிலிலும் நம்முடைய பக்கத்துச் சிறுநீரக நோய் நிலைமையிலும் அது அதோடு நிற்காது.

முதலில் நோவைப் பற்றி ஒரு விஷயம். கன நாள் விளையாடாமல் இருந்துவிட்டு ஒருநாள் இறங்கி ஓடினால், அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் தொடை பிடித்துக்கொள்ளும். "லாக்டிக் அசிட் தேங்கிவிட்டது" என்று சொல்லி அதைக் கரைக்க ஏதாவது குடிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த லாக்டிக் அசிட், அதாவது லாக்டேற், ஓட்டம் முடிந்து ஒரு மணித்தியாலம் அளவிலேயே இரத்தத்திலிருந்து போய்விடும். 24 முதல் 72 மணித்தியாலம் வரை உச்சத்தில் இருக்கும் அந்த நோவு, பழக்கமில்லாத வேலையால் தசை நார்களில் ஏற்பட்ட நுண்ணிய சேதமும் அதைத் திருத்த உடம்பு எடுக்கும் முயற்சியும்தான். அதைக் கரைக்கிற பானம் எதுவும் கிடையாது. மெதுவாக நடப்பது, சாப்பிடுவது, நித்திரை கொள்வது, இவ்வளவுதான் வைத்தியம்.

சாப்பாட்டைக் கணக்குப் பார்க்காமல் டின் வாங்குவது

இதுதான் பெரிய தவறு. ஒரு தம்பியுடன் நடந்த பேச்சு இது. இதே மாதிரிப் பேச்சு பலரோடும் நடந்திருக்கிறது.

"அண்ணை, ரெண்டு ஸ்கூப் போட்டா கெதியா ஏறுமோ?"

"காலமை என்ன சாப்பிட்டனி?"

"பிளேன்ரீயும் பணிசும்."

"மத்தியானம்?"

"சோறு, பருப்பு, மீன் ஒரு துண்டு."

"பின்னேரம் விளையாடிப்போட்டு?"

"ஒரு றோல்ஸ். இரவுக்குப் புட்டும் சம்பலும்."

நன்றாக வயிறு நிறைந்த நாள்தான். ஆனால் புரதத்தைக் கூட்டிப் பாருங்கள். பணிசில் ஒரு 5 கிராம். கோப்பை நிறையச் சோறு என்றாலும் 10 கிராம்தான் வரும். தண்ணிப் பருப்பில் 5, சின்ன மீன் துண்டில் 10, றோல்ஸில் 5, புட்டில் 10. எல்லாமாக 45 கிராம் அளவில் நிற்கும். கடும் பயிற்சி செய்கிற ஒருவருக்கு உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.4 முதல் 2 கிராம் வரை புரதம் என்பதுதான் விளையாட்டுப் போசாக்குத் துறையில் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. 1.6 கிராம் என்று எடுத்தால் 65 கிலோ பொடியனுக்கு 104 கிராம் வேண்டும். பாலிலிருந்து பிரித்தெடுக்கும் வே புரோட்டீன் பவுடரில் ஒரு ஸ்கூப்பில் இருப்பது 24 கிராம் அளவு. அதைச் சேர்த்தும் 70 கிராமைத் தாண்டாது.

அதே தட்டை இப்படி மாற்றலாம். காலையில் பணிசோடு இரண்டு அவித்த முட்டை: 12 கிராம். பத்து மணிக்கு ஒரு கோப்பை அவித்த கௌபி: 13. மத்தியானம் மீன் துண்டை இரட்டிப்பாக்கினால் இன்னும் 10. றோல்ஸுக்குப் பதில் ஒரு பெரிய பிடி கச்சான், 50 கிராம் அளவு: 12. இரவில் ஒரு கோப்பை எருமைத் தயிர்: 8. நூறு கிராமுக்குக் கிட்ட வந்துவிட்டது, ஒரு டின்னும் திறக்கவில்லை. குளத்து மீன், சாளை, நெத்தலி, உளுந்து, பயறு, சோயாமீற், எல்லாம் நம் சந்தையில் கிடைப்பவை. மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள் சோயாமீற்றைக் கவனியுங்கள். காய்ந்த நிலையில் அதில் ஏறக்குறையப் பாதி புரதம்தான்.

பவுடரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விடிய வெள்ளாப்பில் வேலைக்குப் போய், மீன் முட்டை சமைக்க வழியில்லாதவருக்கு ஒரு ஸ்கூப் வசதியானதுதான். அது உணவு. மருந்து இல்லை, மந்திரமும் இல்லை.

இன்னொன்று, "அரை மணித்தியாலத்துக்குள் குடிக்காவிட்டால் வீண்" என்று பதறுவது. ஒரு கடும் பயிற்சிக்குப் பிறகு தசை ஒரு நாளோ அதற்குக் கூடவோ புரதத்தை ஏற்கத் தயாராகவே இருக்கும். நாள் முழுவதும் மூன்று நாலு வேளையாக, வேளைக்கு 20 முதல் 40 கிராம் என்று பிரித்துச் சாப்பிடுவதுதான் முக்கியம். அவசரம் உண்மையில் இருப்பது மாப்பொருளில், அதுவும் ஒரே நாளில் இரண்டு ஆட்டம் ஆடுகிறவர்களுக்கு. சுற்றுப்போட்டியில் காலையில் ஒரு ஆட்டம், பின்னேரம் அரையிறுதி என்றால் இடையில் புரோட்டீன் ஷேக் மட்டும் குடித்துவிட்டு இருப்பது பிழை. தசை சேமித்து வைக்கும் மாப்பொருளான கிளைக்கோஜன் நிரம்பச் சோறு, வாழைப்பழம், பாண் போன்றவைதான் வேண்டும். நாளைக்குத்தான் அடுத்த பயிற்சி என்றால் வழக்கமான சாப்பாடே போதும்.

டின்னுக்குள் இருப்பதைப் பார்க்காமல் வாங்குவது

மெலிந்த பொடியன்களுக்கு மாஸ் கெயினர் என்கிற, நிறை கூட்டும் பவுடரை விற்றுவிடுவார்கள். பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்: பலவற்றில் பெரும்பகுதி மோல்ட்டோடெக்ஸ்ட்ரின் என்கிற மலிவான மாப்பொருள். சோற்றையும் பனங்கட்டியையும் அதிக விலைக்கு வாங்குவதற்குச் சமம். பிசிஏஏ என்று வரும் அமினோ அமில (புரதத்தின் சிறு கூறுகள்) பக்கற்றுகளும் அப்படித்தான். சாப்பாட்டில் புரதம் போதுமாக இருந்தால் அவை புதிதாக ஒன்றும் தருவதில்லை.

தசைக்குக் குறுகிய நேரச் சக்தி தர உதவும் கிரியேட்டின் வேறு. ஒரு நாளைக்கு 3 முதல் 5 கிராம் கிரியேட்டின் மோனோஹைட்ரேற், பாரம் தூக்குதல், குறுந்தூர ஓட்டம் போன்றவற்றுக்கு உண்மையாகவே உதவும். அதிகம் போட்டால் அதிகம் ஏறாது, வயிறுதான் குழம்பும். சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

பின்னேரப் பயிற்சிக்கு முன் பிரீ வேர்க்அவுட் என்கிற உற்சாகப் பவுடரைக் கரைத்துக் குடிப்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். அதில் ஒரு வேளைக்கு 150 முதல் 300 மில்லிகிராம் கஃபீன் இருப்பது சாதாரணம். அதில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஐந்து மணித்தியாலம் அளவு எடுக்கும். ஆறு மணிக்குக் குடித்தால் பதினொரு மணிக்கும் கண் மூடாது. தசை தேறுவது நித்திரையில்தான். உற்சாகத்துக்குக் குடித்து, தேறுவதற்கான நேரத்தை இழப்பது நல்ல வியாபாரமில்லை.

விற்றமின் சி, ஈ மாத்திரைகளை அதிக அளவில் போட்டால் கெதியாகத் தேறும் என்ற நம்பிக்கையும் இருக்கிறது. 2009 இல் வெளியான ஓர் ஆய்வில், நாளுக்கு 1000 மில்லிகிராம் விற்றமின் சியும் 400 அலகு விற்றமின் ஈயும் எடுத்தவர்களுக்குப் பயிற்சியால் வர வேண்டிய சில நன்மைகள் குறைந்தே வந்தன. ஒரு நெல்லிக்காய், ஒரு கொய்யாப்பழம் போதும்.

மாவட்ட, மாகாண, தேசிய மட்டத்தில் ஓடுகிற பிள்ளைகளுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் தனியாகச் சொல்ல வேண்டியது இது. 2013 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நம் நாட்டில் ஊக்கமருந்துத் தடுப்பு முகவர் நிலையம் இயங்குகிறது. உடம்பில் தடை செய்யப்பட்ட பொருள் இருந்தால், தெரியாமல் பவுடரோடு உள்ளே போனது என்றாலும் பொறுப்பு வீரருடையதே. பெரிய டின்னிலிருந்து பிரித்துப் பொலித்தீன் பையில் கட்டிக் கொடுப்பதை எந்தக் காரணத்துக்காகவும் வாங்காதீர்கள். லேபலும் இல்லை, திகதியும் இல்லை, என்ன கலந்தது என்று கேட்க ஆளும் இல்லை.

தண்ணீரும் உப்பும்

வன்னி வெயிலில் விளையாடுகிறவர் வெறும் பச்சைத் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடிப்பதும் தவறு, குடிக்காமலே இருப்பதும் தவறு. வேர்வையோடு உப்பும் போகிறது. ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் நிறை பார்த்தால் கணக்கு எளிது: ஒரு கிலோ குறைந்திருந்தால் அடுத்த சில மணித்தியாலங்களில் ஒன்றே கால் முதல் ஒன்றரை லீற்றர் வரை குடிக்கலாம். உப்புப் போட்ட மோரும் கஞ்சியும் இதற்கு அருமையானவை. ஜீவனி என்கிற உப்பும் சீனியும் கலந்த நீரிழப்புப் பவுடரைக் கரைப்பதென்றால் பக்கற்றில் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அவ்வளவிலேயே கரையுங்கள், பெரும்பாலும் ஒரு லீற்றர். ஒரு கிளாஸில் முழுப் பக்கற்றையும் கொட்டிக் குடிப்பதை மைதானங்களில் பார்க்கிறேன். அது தாகத்தைக் கூட்டி வயிற்றையும் கலக்கும். ஆட்டம் முடிய கள்ளுக்கோ பியருக்கோ போவது நீரிழப்பையும் கூட்டும், தசை கட்டும் வேலையையும் குறைக்கும்.

நோ மாத்திரையும் சிறுநீரகமும்

எனக்கு உண்மையில் பயம் தருவது இதுதான். 1990களில் பக்கத்து அநுராதபுர மாவட்டத்தின் பதவியா, மதவாச்சிப் பக்கங்களில் கவனத்துக்கு வந்த, காரணம் இன்னும் தெளிவாகப் பிடிபடாத சிறுநீரக நோய், எல்லை தாண்டி வவுனியா மாவட்டத்தையும் பாதித்திருக்கிறது. விவசாயக் குடும்பங்களில், முக்கியமாக ஆண்களில், அதிகம் காணப்படுகிறது. ஆரம்பத்தில் ஒரு குணமும் காட்டாது. ஆள் விளையாடுவார், வயலில் மண்வெட்டி பிடிப்பார், பிழை தெரியாது.

அப்படியான இடத்தில் வேர்வை வழிய ஆடிவிட்டு, தண்ணீரும் குடிக்காமல், நோவுக்கென்று டைகுளோபெனாக், இபுபுரோபென் போன்ற மாத்திரையைப் போடுவது ஆபத்து. நீரிழந்த உடம்பில் இந்த வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகிற இரத்தத்தைக் குறைக்கும். ஆட்டத்துக்கு முன்பே ஒன்றைப் போட்டுக்கொண்டு இறங்குவது இன்னும் மோசம். தசைக்கும் இது நல்லதல்ல: 2018 இல் வெளியான ஓர் ஆய்வில், நாளுக்கு 1200 மில்லிகிராம் இபுபுரோபென் எட்டுக் கிழமை எடுத்த இளைஞர்களின் தசை வளர்ச்சி, சிறிய அளவு அஸ்பிரின் எடுத்தவர்களைவிடக் குறைவாக இருந்தது.

நல்ல சிறுநீரகத்தை மேலே சொன்ன அளவு புரதம் கெடுக்கும் என்பதற்கு ஆதாரமில்லை. ஏற்கெனவே பழுதான சிறுநீரகத்துக்குக் கணக்கு வேறு. எனவே புரோட்டீனோ கிரியேட்டினோ தொடங்குவதற்கு முன் இரத்தத்தில் கிரியேட்டினின் என்கிற, சிறுநீரகம் வெளியேற்றும் கழிவின் அளவையும் சிறுநீரில் புரதம் போகிறதா என்பதையும் ஒருமுறை பாருங்கள். வீட்டில் யாருக்காவது இந்த வருத்தம் இருந்தால் கட்டாயம் பாருங்கள். கிரியேட்டின் குடிக்கிறவர்களுக்கும் முதல் நாள் கடும் பயிற்சி செய்தவர்களுக்கும் கிரியேட்டினின் கொஞ்சம் கூடிக் காட்டலாம். அதனால் என்ன குடிக்கிறீர்கள், என்ன செய்தீர்கள் என்று மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

கடும் பயிற்சிக்குப் பிறகு தசை வீங்கி, தொடவே முடியாத நோவோடு, சிறுநீர் பிளேன்ரீ நிறத்தில் போனால் அது சாதாரண நோவு இல்லை. தசை நொறுங்கி அதன் கழிவு சிறுநீரகத்தை அடைக்கத் தொடங்கியிருக்கலாம். இளநீர் குடித்துவிட்டுப் படுக்க வேண்டாம், நோ மாத்திரையும் வேண்டாம். இரவென்றாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குடித்த பவுடரின் டின்னையும் போட்ட மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.